கூரையில்லாக் காரும் குளிர்தேசமும்

ஆபிங்டன், இங்கிலாந்து

அன்பார்ந்த மாமா அவர்களுக்கு,



ரோட்ஸ்டர் உசத்தியா, கூபே உசத்தியா என்று பெங்களூர் அல்சூரிலிருந்து தாங்கள் எழுதிக் கேட்டதற்கு, 1929 முதல் தொழிற்சாலையை 1980-இல் மூடும்வரை எம்.ஜி. கார்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிய ஊரில் வாடகைக்குக் குடியிருக்கிறேன் என்ற ஒரே யோக்கியதையைக் கொண்டு பதில் எழுதத் துணிகிறேன். என் வீட்டுக்காரக் கிழவரிடம் இரண்டுமே உண்டு: 1957-ஆம் வருஷத்து எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டர், 1972-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஜிடி கூபே.

ஆகாசம் ஓயாமல் அழுது வடியும் தேசத்தில் கூரையில்லாத காரைச் செய்தவர்களின் தைரியத்தை என்னென்பது! ஏற்றி இறக்கும் கண்ணாடி எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டருக்குக் கிடையாது. கதவுக்கு வெளிப்புறத்தில் கைப்பிடியும் கிடையாது. தூறல் விழுந்ததும் ஓரமாக நிறுத்தி, சட்டத்தைத் தூக்கி, துணிக்கூரையை இழுத்து மாட்டி, இருபுறமும் திரைகளைச் செருகி, இத்தனை கிரியைகளையும் கிரமமாக முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். நாம் மாத்திரம் நனைந்திருப்போம். பிற்பாடு உள்ளே நுழைவதற்கு, திரை வழியாகக் கையை விட்டுத் துழாவிக் கயிற்றை இழுத்து, சொந்தக் காரையே திருடனைப் போலத் திறக்க வேண்டும்.

கூபேயோ, 1965-இல் இத்தாலியப் பினின்ஃபரீனாவின் கைபட்டு அறிமுகமான கௌரவஸ்தன். இரும்புக் கூரை, சுழற்றி இறக்கும் கண்ணாடி, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு எல்லாம் உண்டு. பின்னாசனமும் உண்டு, அதில் உட்காருபவர் கால்களை வீட்டில் வைத்துவிட்டு வருவது உத்தமம். ஆயினும் அபூர்வமாக வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கிழவர் கூபேயைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

நாற்பது பிராயம் கடந்த இவ்விரண்டுக்கும் இங்கே சாலை வரியும் இல்லை, வருஷாந்தரப் பரீட்சையும் இல்லை. நம் தேசத்திலோ பதினைந்து பிராயத்திலேயே மறுபதிவுக்கு நிற்க வேண்டும்; ஐம்பது கடந்த கிழத்துக்கு 2021-ஆம் வருஷத்து விதிப்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு விசேஷ நம்பர் வாங்கினால், கண்காட்சி, ராலி போன்ற வைபவங்களுக்கு ஓட்டலாமே தவிர, தினசரி ஆபீசுக்கு ஓட்டலாகாது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில், ரோட்ஸ்டருக்கென்றே சிருஷ்டித்தாற்போன்ற சீதோஷ்ணம் பெங்களூருக்குத்தான் வாய்த்திருக்கிறது. விடியற்காலையில் தேவனஹள்ளி வழியே நந்திமலைக்குப் போவதற்கு அதைவிட உத்தமமான வாகனம் இல்லை. சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் புகைக்கு முகத்தைக் கொடுத்து நிற்பதற்கு அதைவிட அதமமானதும் இல்லை.

ஒரு ரகசியம் கேளுங்கள். கிழவரின் எம்.ஜி.ஏ.வில் துடிக்கும் 1489 சிசி எஞ்சினும் தங்களுடைய பழைய பெட்ரோல் அம்பாஸடரின் எஞ்சினும் ஒரே ‘பி-சீரிஸ்’ வம்சம். எம்.ஜி.ஏ.வுக்கு இரட்டைக் கார்புரேட்டர் என்பதே முக்கிய வித்தியாசம். அம்பாஸடரின் பூர்வீகமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு பிறந்த கௌலியும் இங்கிருந்து சில மைல் தூரந்தான்.

ஆகையால் என் தீர்ப்பு: ஆபிங்டனுக்குக் கூபே, நந்திமலைக்கு ரோட்ஸ்டர், சில்க் போர்டுக்கு மெட்ரோ. அம்பாஸடரை மாத்திரம் யார் கேட்டாலும் விற்றுவிடாதீர்கள்; உதிரிபாகம் ஏதேனும் தேவையானால் எழுதுங்கள், இங்கே விசாரித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமான்