எத்தனாவது படி?

எண்பதுகளின் தொடக்கத்தில் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கோழி கூவுவதற்கு முன்பே பஸ் ஹாரன் கேட்டுவிடும். சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்; ஆலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்போம். முன்பணம் வாங்கிய வீடுகளின் கதவை ஏஜெண்ட் வந்து தட்டுவார். அக்கா அரைத் தூக்கத்தில் தூக்குவாளியோடு ஏறினால், இருட்டிய பிறகுதான் இறங்குவாள். குரோஸ் கணக்கில் கூலி. சின்னக் கைகள் சட்டத்தில் குச்சி அடுக்கும், பெட்டி ஒட்டும். ஆண்பிள்ளை என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-லேயே பள்ளியில் மதிய உணவுக்கு வழிசெய்திருந்தார். அக்காவுக்கான சோறு பள்ளியில் இருந்தது, அக்கா ஆபீசில் இருந்தாள்.

அவளுடைய பெரிய சந்தோஷம் பஸ் வராத ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் வெயில் ஏறும்வரை படுத்துக் கிடப்பாள். அம்மா எழுப்ப மாட்டாள்.

தொழிலை நான் பழிக்கவில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்திராவிட்டால், இந்த வானம் பார்த்த பூமியில் பலருக்கு அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் குழந்தையின் தூக்கத்தை விற்று அடுப்பு எரிக்க வேண்டியதில்லை என்று நாடு சொல்ல வெகுகாலம் ஆனது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

இப்போது அக்காவின் பேத்தி மூன்றாம் வகுப்பு. விடிந்து எழுகிறாள், பள்ளியிலேயே காலை உணவு சாப்பிடுகிறாள். உலக மகிழ்ச்சி அறிக்கைக்காக மக்களிடம் ஓர் ஏணியைச் சொல்லி, பூஜ்யம் முதல் பத்து வரை உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் என்று கேட்பார்கள். 2018 முதல் பின்லாந்துதான் முதலிடம். அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"பிள்ளை தானா முழிக்கிறா தம்பி. யாரும் கதவத் தட்டல. அதுக்கு எத்தனாவது படி?"

அக்கா இன்றும் வேலைக்குப் போகிறாள், இப்போது வெடி ஆபீசுக்கு. தீபாவளியைத் தவிர எந்த நாளில் வெடிச்சத்தம் கேட்டாலும், மகள் போனைக் கையில் எடுத்துவிடுகிறாள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதை இந்தப் பக்கத்தில் யார் மறக்க முடியும்? "நின்னுரும்மா" என்று மகள் கெஞ்சுகிறாள். அக்கா கேட்பதில்லை. கூலி மட்டும் காரணமில்லை. கூட உட்காரும் பெண்களோடு பகல் முழுக்கப் பேச்சு, சிரிப்பு, பங்கு போட்ட குழம்பு. "வீட்டுல கெடந்தா சுவத்தோடயா பேச?" என்கிறாள்.

அவள் சொல்வது சரிதான். அதனால்தான் அவர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ஓர் அறைக்கு எத்தனை ஆள், எவ்வளவு வெடிமருந்து என்று விதி இருக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அதை மீறிக் கூடுதலாக ஓர் ஆளை உட்கார வைக்காமல் முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும். விபத்துக்குப் பிறகு வரும் அதிகாரி, விபத்துக்கு முன்பே வர வேண்டும்.