வாசலை முதலில் தாண்டுவது யார்?

நாய்க்கு முன்னால் நான் நடக்க வேண்டுமாம். நான் 'ஆல்ஃபா'வாக இல்லாவிட்டால் அது தலைக்கு மேல் ஏறிவிடுமாம். ஏழரைக்கு வண்டிகளை விடுவதற்குள் ஒரு நடை போய்விடலாம் என்று புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போனால், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ட்ராக் பேன்ட் ஆசாமி ஒருவர் நிறுத்திவைத்துச் சொன்ன உபதேசம் இது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஜோசியம், மூட்டுவலி, அடுத்தவர் நாய், இந்த மூன்றுக்கும் நம்மூரில் கேட்காமலே பதில் கிடைக்கும். நாமும் சொல்கிறவர்கள்தான், அதை விடுங்கள்.

"தெருநாய்தானே சார்? அதிகாரம் காட்டினாத்தான் அதுங்களுக்குப் புரியும்" என்றார். எங்கள் நாய் செவலை அவர் ஷூவை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று திரும்பிக்கொண்டது.

அவர் அடுக்கிய சட்டங்களில் எனக்குப் பிடித்தது வாசற்படி சட்டம். எஜமான் முதலில் தாண்ட வேண்டும், நாய் பின்னால். ஐயா, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலை நான் முதலில் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. விடியும் முன் கோல மாவு டப்பாவோடு மாமியார் தாண்டுவார். அப்புறம் ஸ்கூட்டர் இறங்கும். ஒற்றை ஷூவோடு பையன் பாய்வான். சிலிண்டர் வந்தால் குடும்பமே சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடும். எல்லாம் ஓய்ந்து நான் காலை எடுத்துவைத்தால் ராகு காலம். இல்லையென்றால் யாராவது தும்முவார்கள், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாரிஸிலிருந்து பெரியப்பா மகன் வந்தால் இன்னும் மோசம். "நீ போப்பா", "நீங்க போங்கண்ணே" என்று இருவரும் வாசலில் மரியாதை செய்துகொண்டிருப்போம். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதிலிருந்து கதவிடுக்கில் மூக்கைச் சொருகி நிற்கும் செவலை, எங்கள் நாலு காலுக்கும் நடுவே நுழைந்து போய், தெருமுனைக் கம்பத்தை நனைத்துவிட்டுத் திரும்பியும் வந்துவிடும். அப்போதும் நாங்கள் வாசலில்தான் இருப்போம். இத்தனைக்கும் கிரகப்பிரவேசத்தன்று அந்த வாசலில் முதலில் நுழைந்தது ஒரு பசுமாடு. சட்டப்படி எங்கள் குடும்பத் தலைவர் அதுதான். வாழைப்பழம் தின்று, கூடத்தில் சாணி போட்டுவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லை.

எங்கே விட்டேன்? ஆங், 'ஆல்ஃபா'. அந்தக் கதை ஓநாயிடமிருந்து வந்தது. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, பதவிச் சண்டையைப் பற்றி எழுதினார். பொங்கலுக்கு முந்தின நாள் சென்னை பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டு, தமிழனுக்குக் குடும்பம் கிடையாது, முழங்கை மட்டும்தான் என்று எழுதின மாதிரி. 1970-ல் 'தி வுல்ஃப்' என்ற புத்தகத்தில் அதைப் பரப்பியவர் டேவிட் மெக். பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999-ல் எழுதினார். பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் அவரே கேட்டுக்கொண்டார். நம் ஆசாமிகள் மட்டும் விடுவதாயில்லை. இத்தனைக்கும் நாய், ஓநாயே இல்லை. குப்பைத்தொட்டியை நம்பியிருக்கும் தெருநாய்க்கு மானைத் துரத்தப் படை எதற்கு, தளபதி எதற்கு?

சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. குட்டியை மல்லாக்கத் தள்ளி, அடங்கும்வரை அமுக்குகிறார்கள். அமெரிக்காவில் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-ல் எழுதிய புத்தகம் பரப்பிய வித்தை இது. பிற்பாடு துறவிகளே கைவிட்டார்கள். பயத்தில் விறைத்துப்போன குட்டிக்குப் பணிவு வந்துவிட்டது என்று இங்கே இன்னும் கைதட்டுகிறார்கள்.

நாய்க்கும் நமக்கும் நடுவே உண்மையில் இருப்பது என்ன என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். பக்கம் முடிந்துவிட்டது, இன்னொரு நாள் பார்ப்போம். அமுக்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு யோசனை: முதலில் ஒரு பூனையை மல்லாத்திப் பாருங்கள். உங்களிடம் தலைமைப் பண்பு எவ்வளவு இருக்கிறதென்று அது முகத்திலேயே எழுதித் தரும்.