வேடனுக்கு வேண்டும் வேலை

பென்சில்வேனியாவில் பொங்கலுக்குப் பள்ளி விடுமுறை கிடையாது. மான் வேட்டைக்கு உண்டு. தேங்க்ஸ்கிவிங் முடிந்து வரும் திங்கட்கிழமை ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் பூட்டுதான். துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாளை 2019-இல் சனிக்கிழமைக்கு நகர்த்திவிட்டார்கள். அந்தத் திங்களை விட்டுக்கொடுக்க மட்டும் பல ஊர்களுக்கு மனசு வரவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் வளரும் பிள்ளை கேரம் போர்டு கேட்பான் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை.

பதின்மூன்று வயது மகன் கேட்டது வேட்டைச் சாமான். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாயில் வைக்கும் குடும்பம் எங்களுடையது. மனைவி "கிடையாது" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "உன் காசில் வாங்கிக்கோடா" என்றேன்.

சும்மா சொல்லவில்லை, சட்டம் தெரிந்துதான் சொன்னேன். 1938-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது ஆகாத பிள்ளையைக் கடை கண்ணியில் வேலைக்கு வைக்க முடியாது. பேப்பர் போடலாம், அக்கம்பக்கத்தில் எப்போதாவது குழந்தை பார்த்துக்கொள்ளலாம், நடிக்கலாம். பேப்பரை இப்போது யார் வாங்குகிறார்கள்? நடிப்போ, கணக்குப் பரீட்சை அன்று காலையில் வயிற்றுவலியாக எங்கள் வீட்டில் இலவசமாகவே நடக்கிறது. காலி டப்பா பொறுக்கலாமென்றால், மிச்சிகன் மாதிரி மாநிலங்களில்தான் டப்பாவுக்கு 10 சென்ட். எங்கள் மாநிலத்தில் எடைக்குப் போட்டால் கிடைப்பதுதான்.

ஆனால் சட்டத்துக்கு இலையுதிர்காலம் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வீடு மேப்பிள் இலை குவிய, மகன் வாருகோலோடு கிளம்பிவிட்டான். வெள்ளைக்காரப் பாட்டிகள் சொன்ன கூலியைக் கொடுத்து மேலே குக்கீயும் கொடுத்தார்கள். நம்மவர்கள்தான், "இலை வார இருபது டாலரா? உங்கப்பா எனக்கு நல்ல சிநேகிதம் தெரியுமோ?" என்று ஆரம்பித்தார்கள். சிநேகிதத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று சொல்லிவிட்டானாம். அதன்பின் ஓரிருவர் கோயிலில் என்னைப் பார்த்தால் பிரதட்சிணத்தை வேகமாக முடித்துக்கொள்கிறார்கள்.

காசு கொட்டியது நவராத்திரியில். இங்கே கொலுப்படியெல்லாம் இரும்புச் சட்டம், நட்டு போல்ட்டு. மாமாக்களுக்கு மடிக்கணினி தவிர எதையும் திறக்கத் தெரியாது. மகன் ஸ்பானரோடு போய் மாட்டிக் கொடுத்தான். நவராத்திரி முடிந்ததும் கழற்றுவதற்குத் தனிக் கட்டணம். ஒரு மாமி, "எதுக்குடா கண்ணா காசு சேக்கற?" என்று கேட்டிருக்கிறார். "மான் சுட மாமி." மாமி கையில் அப்போது வள்ளி கல்யாண செட். இவன் விடவில்லை: "வள்ளியோட அப்பாவே வேடர்தானே மாமி?" சுண்டலில் தேங்காய் குறைந்தது, கூலி குறையவில்லை.

இனி செலவு. சிறுவர்களுக்கான லைசென்ஸ் ஏழு டாலர்கூட இல்லை. பூட்ஸ், பைனாகுலர், கையுறை என்று மற்றதெல்லாம்தான் ஆளை விழுங்கும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பட்டியலில் இருந்த சின்ன பாட்டில்: பெண் மானின் மூத்திரம். ஆண் மானை வரவழைக்கவாம். வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். பூஜை அலமாரியில், இந்தியக் கடையில் காசு கொடுத்து வாங்கிய கோமிய பாட்டில் என்னையே பார்த்தது, வாயை மூடிக்கொண்டேன். மான்களுக்கு வரும் மூளை நோய் பரவாமலிருக்க, நோய் கண்ட வட்டாரங்களில் அசல் சரக்குக்குத் தடை, போலி மட்டும்தான். கோமியத்தில்கூட இன்னும் இந்த வசதி வரவில்லை.

அடுத்து வாசனை ஒழிக்கும் ஸ்ப்ரே. மானுக்கு மூக்கு அபாரம். எங்கள் வீட்டுத் தாளிப்பு தெருக்கோடி வரை போகிறது. வேட்டைத் துணியை கராஜில் தொங்கவிட்டு, "அம்மா, சீசன் முடியற வரைக்கும் பெருங்காயம் போடாதீங்க" என்றான் மகன். அன்று ரசத்தில் இரண்டு மடங்கு விழுந்தது.

துப்பாக்கியும் அனுபவமும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையவை. எனவே அவரே கூட்டிப் போவார், நான் போர்வைக்குள் கிடக்கலாம் என்றிருந்தேன். மகன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். 12, 13 வயதுக்காரர்களோடு பெற்றோரோ குடும்பத்துப் பெரியவரோ கூடவே இருக்க வேண்டும். 14 ஆனால்தான் அயலார் போதும். குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

கூடப் போகிறவனும் பளிச்சென்ற ஆரஞ்சு உடுத்த வேண்டும்: தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். "என்னையும் சேத்துப் பட்ஜெட் போட்டியா?" என்றேன். கொலுப்படி அளக்கிற டேப்பை எடுத்து என்னைச் சுற்றி அளந்தான். மறுபடியும் அளந்தான்.

"சட்டம் கேட்கற அளவுக்கு நான் வாங்கித் தரேம்ப்பா. வயித்துக்கு ஆகற துணியை நீங்களே பாத்துக்கோங்க."