ரெண்டேகால் அடி

எங்கள் திருக்காட்டுப்பள்ளிக்குக் காவிரி உண்டு, குடமுருட்டி உண்டு, ரயில்தான் இல்லை. ரயில் வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பூதலூர் போக வேண்டும். கைக்கெட்டாத பொருளைப் பற்றித்தான் மனுஷன் நிறையப் பேசுவான். ரயில் விஷயத்தில் நான் அப்படி.

அந்தப் பேச்சு தாங்காமல்தான், "பிள்ளைகளையாவது கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் 2014-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டேன்.

"நான் வரலைப்பா. திண்ணையை இடிச்சதிலேருந்து எனக்கு வெளியே பார்க்குற ஆசையே போச்சு."

பத்து வருஷத்துக்கு முன்னால் புது பைக் வாங்கிய வேகத்தில் திண்ணையை இடித்து கிரில் கேட் போட்டேன். பைக் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. பைக் தெருவில் நிற்கிறது.

பூதலூரில் பாசஞ்சர் ஏறி, உட்காருவதற்குள் சின்னவள் புளியோதரை கேட்டாள். ரயில் என்றால் சாப்பாடு என்பது அவள் சித்தாந்தம். திருச்சி வருவதற்குள் டப்பா காலி.

அருங்காட்சியகத்தில், திறந்தவெளியில், கன்னங்கரேலென்று மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின். சின்னவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இது எப்பப்பா கிளம்பும்?"

"இது கிளம்பாதும்மா."

"அப்புறம் ஏன் எல்லாரும் இப்படி அவசரப்படுறாங்க?"

சுற்றிலும் போட்டோ எடுக்கத் தள்ளுமுள்ளு. பதில் தோன்றாததால் பெரியவன் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் பிரம்பு வளையத்தில் டோக்கனைக் கட்டி நீட்டுவார்கள், ஓடுகிற எஞ்சினிலிருந்தே டிரைவர் கையை விட்டு வாங்கிக்கொள்வார், அது கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை தண்டவாளம் அவருடையது என்று கையை வளைத்து நடித்தும் காட்டினேன். "போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே" என்றான்.

விடுவேனா? கேஜுக்குத் தாவினேன். "நம்ம பூதலூர் லைன் லேசுப்பட்டதில்லடா. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி 1861-ல் தஞ்சாவூர், 1862-ல் திருச்சி. அப்பவே அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். 1874-ல் கம்பெனிகள் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆச்சு. செலவு குறையும், மற்ற லைனோடு ஒத்துப் போகும்னு அடுத்த வருஷமே மீட்டர் கேஜாக்கிட்டாங்க. சரியா 1000 மில்லிமீட்டர்."

"இப்ப ஓடுறது?"

"1990-களில் மறுபடி அகலமாக்கினது. அதே 1676."

பையன் எஞ்சினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அப்ப முதல்ல போட்டதே சரிதானேப்பா?"

இடையில் போன நூறு வருஷத்துக்கும் மேலான காலத்துக்கு நான்தான் ஜவாப்தாரி என்பதுபோல விழித்தேன். "அப்பப்ப ஒரு காரணம் இருந்திருக்கும்" என்று ரயில்வே போர்டின் சார்பில் சமாளித்தேன். "மொத்த வித்தியாசமே 676 மில்லிமீட்டர்தான்டா. ரெண்டேகால் அடிகூட வராது."

அதற்குமேல் பாடம் நடத்தத் தெம்பில்லை. பொம்மை ரயிலில் முழங்கால் மோவாயில் இடிக்க ஒரு சுற்று வந்தோம். அன்றைக்கு நான் வாய் திறக்காமல் உட்கார்ந்த ஒரே ரயில் அதுதான்.

இருட்டிய பிறகு வீடு வந்தோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பையன் செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிட்டான்: "அப்பாயி, நம்ம ரயிலு முதல்ல அகலமா இருந்துச்சாம். செலவு குறையும்னு குறுக்கினாங்களாம். அப்புறம் கூடச் செலவு பண்ணி மறுபடி அகலமாக்கினாங்களாம்!"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கிரில் கேட்டைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு குறுக்கினாங்களாம்?"

"ரெண்டேகால் அடி."

"நம்ம திண்ணை அளவு" என்றாள் அம்மா.

மறுநாள் கொத்தனாருக்குப் போன் செய்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இடித்தவரேதான். "அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

ரயில்வேக்கு நூறு வருஷத்துக்குமேல் ஆயிற்று. எனக்குப் பத்தே வருஷம்தான்.