இந்த வாரம் யாரை உட்கார வைப்பது?

கே: ஏனுங்க, போன வாரம் அறுபது ரன் அடிச்ச பையனை நம்பி இந்த வாரம் கேப்டனாப் போட்டேனுங்க. ரெண்டாவது பந்துலயே பெவிலியன் போயிட்டான். தப்பு எம்மேலயா, அவன் மேலயா?
– அவிநாசி வாசகர்

ப: இரண்டு பேர் மேலும் இல்லீங்க. டி20 இன்னிங்ஸில் மொத்தமே 120 பந்துதான். தொடக்க ஆட்டக்காரரே ஆனாலும் அவர் பங்குக்கு இருபது, முப்பது பந்து வந்தால் பெரிது. அதில் ஒன்று மட்டையின் விளிம்பில் பட்டுக் கீப்பர் கைக்குப் போய்விட்டால் அந்த வாரம் முடிந்தது. அதே பந்து ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் பவுண்டரி. உங்கள் ஃபேன்டஸி அணி ஜெயிப்பதும் தோற்பதும் பல வாரங்களில் அந்த ஓர் அங்குலத்தில்தான் இருக்கிறது.

அதனால் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள். எத்தனையாவது இடத்தில் இறங்கினார்? எத்தனை பந்து ஆடினார்? பந்து வீசுகிறவர் என்றால் எந்த ஓவரை அவரிடம் கொடுக்கிறார்கள்? கடைசி நான்கு ஓவர்களில் பந்து வீசுகிறவரை அடிக்கத்தான் பார்ப்பார்கள். அடிக்கிற இடத்தில் விக்கெட்டும் விழும். கேப்டனுக்கு இரட்டிப்புப் புள்ளி என்பதால், அந்தப் பட்டையை அதிகப் பந்து சந்திக்கிறவருக்கோ நாலு ஓவரும் முழுசாக வீசுகிறவருக்கோ கட்டுங்கள். உங்கள் பையன் அடுத்த வாரமும் தொடக்க ஆட்டக்காரராகவே இறங்குகிறார் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கே: கிணத்துக்கடவு சந்தையில தக்காளி இன்னைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. பொள்ளாச்சித் தென்னை நட்டா வருசக்கணக்குல காத்திருக்கணும். ஃபேன்டஸியில எதைப் பயிர் பண்றது?
– கோவில்பாளையம் விவசாயி

ப: கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஒரே ஒரு ஆட்டத்துக்கு அணி போடுகிறவருக்குத் தக்காளி. ஆட்களை அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோகலாம் என்று விதி இருக்கிற கூட்டத்தில் ஆடுகிறவருக்குத் தென்னை. நான் இரண்டாவது கட்சி.

சாய் சுதர்சனின் ஐபிஎல் கணக்கைப் பாருங்கள். 2022-ல் 5 ஆட்டங்களில் 145 ரன். 2023-ல் 362. 2024-ல் 527. 2025-ல் 759 ரன்னுடன் ஆரஞ்சு தொப்பி. நாலு வருடமும் ஏறுமுகம். ஆனால் வாரம் வாரமாகப் பிரித்துப் பார்த்தால் நடுவில் சறுக்கல்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் அவரை விற்றவர்களும் இருப்பார்கள். 2023 பிப்ரவரியில் டிஎன்பிஎல் முதல் ஏலம் நடந்தபோது லைகா கோவை கிங்ஸ் அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது குஜராத் அணி ஐபிஎல்லில் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். ஐபிஎல்லைவிடக் கூடக் கொடுத்த ஊர் நம்முடையது! அந்த மே மாதமே சென்னைக்கு எதிரான இறுதிப்போட்டியில் 47 பந்தில் 96 அடித்தார். அடுத்த பெரிய ஏலத்துக்கு முன் குஜராத் 8.5 கோடி கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் லீட்ஸில் அவருடைய முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். அடுத்த இரண்டு டெஸ்டில் இடமில்லை. மான்செஸ்டரில் திரும்ப வந்ததும் 61. பூஜ்யம் அடித்த நாளில் அவரை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கே: தோனியை இன்னும் டீம்ல வெச்சிருக்கலாமுங்களா?
– பல்லடம் வாசகி

ப: மனசில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஃபேன்டஸி அணியில் பதினொரு இடம்தான். ஏழாவது, எட்டாவதாக இறங்குகிறவருக்குக் கிடைக்கும் பந்துகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

கே: நாங்க நடராஜன் ஊர்ப் பக்கமுங்க. ஒருத்தர் எப்பத் தேறுவார், எப்ப விடணும்னு அவரை வெச்சே சொல்லுங்க.
– ஜலகண்டாபுரம் வாசகர்

ப: இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல பாடம் கிடையாது.

2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய இடக்கை வேகப்பந்து வீச்சாளருக்கு 3 கோடி. அந்த சீசனில் 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருடம் பஞ்சாப் விட்டுவிட்டது, ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018-ல் ஓர் ஆட்டமும் இல்லை. 2019-லும் இல்லை. வாரப் புள்ளி மட்டுமே பார்க்கிறவருக்கு அந்த இரண்டு வருடமும் வரிசையாகப் பூஜ்யம்.

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். பூஜ்யத்தில் இரண்டு வகை உண்டு. வாய்ப்புக் கிடைத்தும் ஒன்றும் வராத பூஜ்யம் ஒன்று. வாய்ப்பே கிடைக்காத பூஜ்யம் இன்னொன்று. புள்ளிப் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நடராஜனுடையது இரண்டாவது வகை. அவர் கையில் இருந்த சரக்கு மாறவில்லை: இடக்கை, யார்க்கர், கடைசி ஓவரில் பதறாத மனசு. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். அபூர்வமான சரக்குக்கு என்றைக்காவது ஒருநாள் ஆள் தேடி வருவார்கள்.

2020-ல் வந்தார்கள். 16 ஆட்டம், 16 விக்கெட். அந்த வருட ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் அவரை வலைப்பயிற்சிக்குப் பந்து வீசத்தான் எடுத்தார்கள். டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், பிறகு டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் ஆள் அவர்தான். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட்.

அதற்குப் பிறகு கதை நேர்கோட்டில் போகவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை வந்தது. 2024-ல் 19 விக்கெட் எடுத்து எழுந்தார். அதைப் பார்த்து டெல்லி 10.75 கோடி கொடுத்தது. 2025-ல் இரண்டே ஆட்டம். ஆக, வேகப்பந்து வீச்சாளரை நெடுங்காலத்துக்கு வைத்துக்கொள்ள நினைத்தால் உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். முப்பதைத் தாண்டியவர், அறுவை சிகிச்சை ஆனவர் என்றால், உச்சத்தில் இருக்கும் வருடத்திலேயே நல்ல விலைக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். ஜலகண்டாபுரத்தில் இருந்துகொண்டு நடராஜனை விற்க மனசு வருமா என்பது வேறு விஷயம். எனக்கு வராது. 2023-ல் சொந்த ஊரில் பசங்களுக்காக அவர் மைதானம் கட்டித் திறந்தார். எனக்கு அவருடைய விக்கெட்டுகள் எல்லாவற்றையும்விட அது பெரிது.

கே: ஷாருக்கானை கோவை டீமுக்கு ஆடறப்ப எடுத்தா அள்ளித் தர்றார். ஐபிஎல்ல எடுத்தா காணோம். ஒரே ஆளுதானே?
– பீளமேடு கல்லூரி மாணவர்

ப: ஆள் ஒன்று, வேலை இரண்டு. கோவை கிங்ஸுக்கு அவர் கேப்டன். தேவைப்பட்டால் மேலே இறங்குவார், பந்தும் வீசுவார். 2022-ல் சேப்பாக்கத்தோடு பகிர்ந்த கோப்பை, 2023-ல் தனியாக வாங்கிய கோப்பை என்று இரண்டும் அவர் தலைமையில் வந்தவை. ஐபிஎல்லில் அவருக்குக் கொடுத்தது கடைசி ஓவர்களில் வந்து அடிக்கிற வேலை. சில நாள் ஐந்து பந்து, சில நாள் ஒன்றுகூட இல்லை. டிஎன்பிஎல்லில் வைத்துக்கொள்ளுங்கள், ஐபிஎல்லில் வாரத்தைப் பார்த்து எடுங்கள்.

கே: எம் பையன் டல்லாஸ்ல வேலையில இருக்கான். ஞாயித்துக்கிழமை ராத்திரி கூப்பிட்டா "அப்பா, அப்புறம் பேசறேன்"னு வெச்சிடறான். கேட்டா ஃபேன்டஸி ஃபுட்பாலாம். அதுல "டைனஸ்டி லீக்"னு பத்து வருசத்துக்கு ஆளை வெச்சிருப்பானாம். என்னங்க இது?
– பெருந்துறை வாசகர்

ப: ராத்திரி பத்தரைக்குக் கூப்பிடுகிறீர்களா? செப்டம்பர், அக்டோபரில் அது டல்லாஸில் பகல் 12 மணி. அமெரிக்கக் கால்பந்தின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் தொடங்குகிற நேரம். சனிக்கிழமை கூப்பிடுங்கள், மணிக்கணக்கில் பேசுவார்.

ஃபேன்டஸி ஃபுட்பால் பிறந்த வீடே அமெரிக்காதான். ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் 1962-ல் நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதினார். 1963-ல் எட்டு அணிகளோடு முதல் வீரர் தேர்வு நடந்தது. நம் ஊர் ஃபேன்டஸி கிரிக்கெட்டுக்கு அதுவே பாட்டன்.

அங்கே ஓர் அணிக்கு வாரம் ஒரே ஆட்டம். 18 வாரத்தில் 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. அதனால் ஒரு வாரப் புள்ளி நம்முடையதைவிடக் கனமானது. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று திங்கள் முதல் சனி வரை மண்டையைக் குடைந்துகொள்வார்கள். உங்கள் மகன் ஆடும் டைனஸ்டி வகையில் எடுத்த ஆட்களை வருடா வருடம் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிற இளைஞர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் தேர்வு. அங்கே வயதுதான் முதல் கேள்வி. பந்தைச் சுமந்துகொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் ஒவ்வொரு முறையும் நாலைந்து மலைமனிதர்கள் மேல் மோதுகிறார். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2023-ல் 21 டச்டவுன் போட்டு உச்சத்தில் இருந்தார். அடுத்த வருடம் பல லீக்குகளில் முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். காயம். நாலே ஆட்டம்.

எதிர்ப்பக்கம், எறிகிற பந்தைப் பிடிக்கிற வேலையில் இருக்கும் பூக்கா நகுவா. 2023-ல் அணிகள் புதுமுகங்களை எடுத்த தேர்வில் 177-ஆவது ஆள். முதல் வாரம் 10 பந்து பிடித்தார், இரண்டாவது வாரம் 15. பலர் இது அதிர்ஷ்டம், அடங்கிவிடும் என்றார்கள். விவரமானவர்கள் பிடித்த பந்தைவிட அவரை நோக்கி எறிந்த பந்துகளை எண்ணினார்கள். முதல் ஆட்டத்திலேயே 15 முறை அவரைத் தேடி எறிந்திருந்தார்கள். புது ஆளிடம் ஓர் அணி அத்தனை நம்பிக்கை வைத்தால் அது தற்செயல் இல்லை. வருட முடிவில் 105 பந்து, 1486 கெஜம். அறிமுக வீரருக்கான சாதனை. அவிநாசி வாசகருக்குச் சொன்னதும் இதையேதான். மகனிடம் ஒரு தடவை "உன் ஆளை நோக்கி எத்தனை பந்து எறிஞ்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

கே: எங்க அண்ணன் டீம் போட்டுப் போட்டே கடனாயிட்டார். இப்பத்தான் நிறுத்தியிருக்கார். மறுபடி ஆரம்பிப்பாரோன்னு பயமா இருக்குங்க.
– திருப்பூர் வாசகி

ப: பயம் நியாயமானது, தங்கச்சி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை விதிக்கும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. ட்ரீம் 11 பணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் விலகியது. வேறு பெயரில், வேறு வழியில் யாராவது கூப்பிட்டால் அண்ணன் போகக் கூடாது. அவர் கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலிகளைச் சில மாதம் அண்ணி பார்த்துக்கொள்ளட்டும். கடன் எவ்வளவு என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். மறைத்து வைக்கிற கடன்தான் ஆளை மறுபடி ஆட வைக்கிறது. அவரைத் திட்டாதீர்கள்.

கே: பெண்கள் ஐபிஎல்ல நெடுநாளைக்கு வெச்சுக்க ஒரு பேர் சொல்லுங்க.
– கோபி கல்லூரி மாணவி

ப: ஜி. கமலினி. மதுரைப் பெண், இடக்கை மட்டை, விக்கெட் கீப்பர். 2024 டிசம்பர் ஏலத்தில் 16 வயதில் மும்பை 1.6 கோடிக்கு எடுத்தது. இந்த வயதில் வாரப் புள்ளி பார்க்கவே வேண்டாம், சும்மா வைத்திருங்கள்.

கே: டிவியில வராத ஆட்டத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்? ஃபேன்டஸிக்கு ரஞ்சி உதவுமா?
– சிங்காநல்லூர் வாசகர்

ப: நெடுநாள் மதிப்பு தெரிய வேண்டுமானால் ரஞ்சிதான் வாசல். 2024 பிப்ரவரியில் நவ இந்தியா பக்கம் ஸ்ரீராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு சௌராஷ்டிராவைக் காலிறுதியில் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தது. கேப்டன் சாய் கிஷோர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட் எடுத்ததோடு மூன்றாவதாக இறங்கி 60 ரன்னும் அடித்தார். அந்த ரஞ்சி சீசனில் அதிக விக்கெட் அவருடையதுதான். சென்னை சூப்பர் கிங்ஸில் இரண்டு வருடம் ஓர் ஆட்டமும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவர். 2025 ஐபிஎல்லில் குஜராத்துக்கு 19 விக்கெட். அதே வருடம் திருப்பூர் தமிழன்ஸுக்குக் கேப்டனாக டிஎன்பிஎல் கோப்பையும் வாங்கினார். சிங்காநல்லூரிலிருந்து அந்த மைதானத்துக்கு ஒரு பஸ் தூரம். அடுத்த முறை போய் உட்காருங்கள்.

கே: பணமில்லாம பசங்க பத்து பேர் சேர்ந்து டிஎன்பிஎல்லுக்கு டைனஸ்டி லீக் ஆரம்பிக்கறோம். விதி சொல்லுங்க.
– உடுமலை நண்பர்கள்

ப: ஆளுக்கு எட்டு வீரர்; அடுத்த வருடத்துக்கு மூன்று பேரைத் தக்கவைக்கலாம், அதில் ஒருவர் 21 வயதுக்குள் இருக்க வேண்டும். கடைசி இடத்தில் வந்தவருக்கு அடுத்த வருடம் முதல் தேர்வு. ஒருவரே ஒரு வீரரை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இல்லையென்றால் சாய் சுதர்சனை எடுத்தவர் பேரன் காலம் வரை விடமாட்டார். வாரம் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் முதல் பந்துக்கு முன். கணக்கெழுத ஒரு நோட்டு, எழுதுகிறவர் உங்கள் பத்து பேரில் ஒருவராக இருக்கக் கூடாது. தோற்றவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித்தர வேண்டும்.

பத்து பேருக்கு எண்பது வீரர் தேவை. டிஎன்பிஎல்லின் எட்டு அணியிலும் அன்றாடம் ஆடும் பதினொருவர் என்று பார்த்தால் மொத்தம் 88 பேர்தான். பத்தாவதாகத் தேர்ந்தெடுக்கும் நண்பருக்கு மிச்சம் மீதிதான் வரும், அதனால் தேர்வு வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாக மாற்றுங்கள்.