உறுப்பினர் இல்லாத ஊர்

கல்முனைப் பக்கம் ரெண்டு பேர் பிளேன்டீக் கடையில் கால் மணி நேரம் சேர்ந்திருந்தால் ஒரு சங்கம் பிறந்துவிடும். மூன்றாவதாக வருபவர் பொருளாளர். நாலாவது ஆள் கோபித்துக்கொண்டு அடுத்த ஒழுங்கையில் வேறு சங்கம் தொடங்குவார். விளையாட்டுக் கழகம், ஜனாஸா நலன்புரிச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று என் மேசை லாச்சிக்குள் எட்டு ரசீதுப் புத்தகங்கள் கிடக்கின்றன. (லாச்சி மட்டும்தான் என்னுடையது. வீடு, ஊர் வழமைப்படி, மனைவிக்கு வந்தது. நான் மருதமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு வந்த மாப்பிள்ளை.)

ஒன்பதாவதாக வந்தது மரபுரிமைக் குழு. நான் போய்ச் சேர்ந்தது மூன்றாவதாக.

முதல் கூட்டம் இஷாவுக்குப் பிறகு. பெயர் ‘சங்கமா, பேரவையா’ என்று முடிவாகுமுன்னே ரோல்ஸ் முடிந்தது. பத்தரை மணிக்கு, மருதமுனைக் கைத்தறியைக் காப்பாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். முன்மொழிந்தவர் உடுத்திருந்தது வெளிநாட்டுச் சாரன். கடையில் ஒட்டிய லேபிளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

நானும் யோக்கியனில்லை. உம்மம்மா காலை இறக்கி மிதித்து நெய்த தறிக் குழி எங்கள் பழைய வளவில் இன்னும் இருக்கிறது. மறுநாள் போய்ப் பார்த்தேன். அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்ததற்கே கொத்த வந்தது. அந்த வளவில் மரபுரிமையைக் காத்த ஒரே ஜீவன்.

உம்மாவிடம் குழுவைப் பற்றிச் சொன்னேன். “எந்தெந்தக் குடி ஆக்கள் மனே?” என்றா. பதினொரு பேரின் பெயரையும் சொன்னேன். இன்னாரின் உம்மா இன்னார் என்று விரல் மடக்கி, ஒரு வெற்றிலை மென்று முடிவதற்குள் எல்லாரையும் குடி பிரித்துவிட்டா. தலைவரும் அவருடைய ஜென்ம விரோதியான செயலாளரும் ஒரே குடியாம். “அப்ப காக்கா தம்பிதானே!”

எங்கள் ஊர்களின் பழைய சங்கம் இந்தக் குடிதான். தாய் வழியாக வரும். ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. குடிக்கொரு மரைக்காயர் பள்ளி நிர்வாகத்தில் இருப்பார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் இதையெல்லாம் கேட்டு எழுதி, 2008இல் தடித்த புத்தகமாகவே போட்டார். சந்தா இல்லை, அறிக்கை இல்லை. முக்கியமாக, கோபித்துக்கொண்டு ராஜினாமாச் செய்ய முடியாது.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றமும் அப்படித்தான். நாகூர் சாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே அவர் நினைவுக்குக் கொடி ஏறும், பன்னிரண்டு நாள் பறக்கும், கடைசியில் கந்தூரிச் சோறு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகும் கொடி ஏறுகிறது. எங்கள் குழுவும் அங்கே ஒரு பதாகை கட்டியது. கடல் காற்றில் அது இரண்டாம் நாளே கிழிந்து ஐஸ்கிரீம் வண்டிக்குக் கூரையானது. இதுவரை நாங்கள் ஊருக்குச் செய்த ஒரே சேவை.

கையிருப்பு இப்போது 340 ரூபாய். பதினொரு பேரும் நிர்வாகிகள் என்பதால் சந்தா கேட்க ஆளில்லை. ஆகவே, ஒரு சாதாரண உறுப்பினர் தேவை. பதவி கேட்கக்கூடாது. கோழி குஞ்சு பொரித்ததும் தறிக் குழியைத் துப்புரவாக்க மண்வெட்டியோடு வரவேண்டும்.