தேயிலைப் பெட்டியும் ராக் இசைக்குழுவும்

ராக் இசைக்குழு இசைத் தாகத்தால் பிறக்கிறது என்று அக்குழுக்களின் வரலாற்றை எழுதியோர் நம்பவைக்க முயன்றாலும், சிற்றூர்களில் அது உருவாகும் விதத்தைக் கூர்ந்து நோக்குவோருக்கு, கையில் என்ன கருவி அகப்பட்டது, வீட்டில் எத்தனை அண்ணன் தம்பிகள் இருந்தனர், அடுத்த வீட்டார் எவ்வளவு பொறுமைசாலிகள் என்னும் மூன்றுமே முதலில் புலப்படும்.

கருவியைப் பொறுத்தவரை ராக் இசை தேயிலைத் தோட்டங்களுக்குக் கடன்பட்டது. 1956-இல் லோனி டொனிகனின் பாடலால் பிரிட்டன் முழுவதும் பரவிய ஸ்கிஃபிள், கடையில் கருவி வாங்க வழியற்ற பிள்ளைகள் வீட்டில் கிடைத்ததைக் கொண்டு வாசித்த எளிய இசைவகையாகும். துணி துவைக்கும் பலகை தாளத்துக்கு வந்தது. பேஸ் எனப்படும் கீழ்த்தொனிக்கோ, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை ஏற்றிவந்து காலியாகிக் கிடந்த ஒட்டுப்பலகைப் பெட்டி வந்தது. பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து முடிச்சிட்டு, மறுமுனையை விளக்குமாற்றுக் கம்பின் தலையில் கட்டி, கம்பின் அடியைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிப் பின்னுக்கு இழுத்தால் கயிறு விறைத்துத் தொனி உயரும், தளர்த்தினால் தாழும். இடையில் எந்தச் சுரம் பிறக்கும் என்பது பாதி வாசிப்பவர் கையிலும் மீதி ஆண்டவன் கையிலும் இருந்தது. ஜான் லெனான் லிவர்பூலில் தொடங்கிய குவாரிமென் குழுவிலும் இப்பெட்டிக்கு இடமிருந்தது. அக்குழுவே பின்னர் பீட்டில்ஸாக வளர்ந்தபோது பெட்டியைக் காணவில்லை. தேயிலையோடு தொடர்புடைய எதுவும் புகழில் பங்கு பெறாமல் போவது தோட்ட வரலாறு அறிந்தோருக்குப் புதிதன்று. பேஸ் வாசிப்பவரைத் தேடும் முறை மட்டும் அதன்பின்னும் திருந்தியதாகத் தெரியவில்லை. 1961-இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது, மற்றவர்கள் யாரும் அக்கருவியைத் தொட விரும்பாததால், அது பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது.

அதே 1961-இல், லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துச் சென்ற பின்னர் மலாயாவிலும் கித்தார் மோகம் தலைக்கேறி, முன்னணிக் கித்தார், துணைக் கித்தார், பேஸ், டிரம்ஸ், பாடகர் என ஐவர் கொண்ட குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. இவற்றை மலாய் மொழியில் குகிரான் என்பர். அண்ணன் தம்பி விதிக்குச் சரியான சான்று, 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றிய ஆலிகேட்ஸ் ஆகும். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் முன்னின்ற இக்குழு, ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துக் கை பழகிய பின், மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டது. ஒரே வீட்டில் இரு பாடகர் இருப்பதன் நன்மை சாதாரணமானதன்று: பயிற்சிக்கு அழைக்க ஆளனுப்ப வேண்டியதில்லை, கோபித்துக்கொண்டு விலகுபவரும் இராச்சோற்றுக்கு அதே வீட்டிற்குத்தான் வந்தாக வேண்டும். சகோதரர்களின் அடையாளமாக அமைந்த, ஆஃப்ரோ எனப்படும் சுருள்முடிக் கோபுரம், பின்வரிசையில் நின்று வாசித்தோரை ரசிகர்கள் பார்க்கவிடாமல் தடுத்திருக்கவும் கூடும். 2007-இல் லோகநாதன் மறைந்த பின்னும் டேவிட் பாடுவதை நிறுத்தவில்லை.

இனி, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை இவ்விதிகளில் பொருத்திப் பார்க்கலாம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியது முதல் தேயிலைக்கு இங்குக் குறைவில்லை. அண்ணன் தம்பிகளுக்கும் தோட்டத்துக் குடும்பங்களில் என்றும் பஞ்சமில்லை. குழு கவிழும் இடம் மூன்றாம் விதியாகும். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ இடைச்சுவர் மட்டும் வைத்துக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு என்பதால், ஒரு வீட்டில் டிரம்ஸ் அடித்தால் லயம் முழுவதற்கும் தலை வலிக்கும். விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவேண்டியவர், இரவு பத்து மணிக்கு எழும் கித்தார் ஓசையைக் கலையாகக் கருதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. போதாததற்கு மலையின் ஈரக்காற்று கித்தார் கம்பிகளில் துருவேற்றும் வேகத்துக்கு, வாசிப்பவர் மூன்றாவது பாட்டைக் கற்பது பெரும்பாலும் ஈடுகொடுப்பதில்லை.

எனினும் தட்ட வேண்டும் என்ற தினவு இளைஞரை விட்டுப் போவதில்லை. வளைந்த கம்பால் தோலை உரசி முழக்கும் உறுமியை முன்னிறுத்தி, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காவடிக்கு வாசிக்கும் உறுமி மேளக் குழுவில் சேர்ந்துவிட்டால், ராக் குழுவைவிடப் பலமடங்கு இரைச்சலை எழுப்பினாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அம்மன் பெயரால் எழும் ஓசையைக் குறைசொல்ல எந்த அண்டை வீட்டாருக்கும் துணிவில்லை. டிரம்ஸ் வாசிக்கப் பிறந்தவர்களை இம்மலை உறுமிக்கு இழந்தது இப்படித்தான் என்று கருத இடமுண்டு.

கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய், செடி வரிசையின் இரு பக்கமும் இருவர் நடந்து, நடுவில் பெட்ரோல் எந்திரத்தைத் தூக்கிச் சென்று நுனிகளை வெட்டும் முறை வந்திருக்கும் இன்று, அவ்விருவரும் அடி பிசகாமல் ஒரே நடையில் செல்லாவிட்டால் வெட்டு கோணலாகிவிடும். அந்த எந்திரமோ பகலெல்லாம் ஒரே சுரத்தில் அலறிக்கொண்டிருக்கிறது. அதைக் குறித்து மட்டும் லயத்திலிருந்து இதுவரை யாரும் வந்து சண்டை போடவில்லை.